மதகுச் சாவி எங்கே, மகாராஜா?

முன்னொரு காலத்தில், சாவிச் சத்தம் கேட்டால் ஜனங்கள் நடுங்கிய தேசம் ஒன்று இருந்தது. சிங்கத்துக்கும் புலிக்கும் நடுங்கினால் நியாயம் உண்டு. இவர்கள் நடுங்கியதோ தங்கள் ராஜாவின் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்துக்கு.

ராஜாவின் பெயர் சூரசிங்க மகாராஜா. கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. யாரையும் நம்பாதவர், அவ்வளவுதான். அரண்மனையில் சந்தனமும் ஜவ்வாதும் வைக்கிற அறைக்குப் பொன்னம்பலம் என்று ஒரு காவலன் இருந்தான். அவன் ஒரு நாள் அந்த அறையின் சாவியைத் தொலைத்துவிட்டான். ராஜா குதியாய்க் குதித்தார். பொன்னம்பலத்தை நாட்டைவிட்டே துரத்தினார். அதோடு விட்டாரா? "இனி இந்த தேசத்தில் எவனிடமும் சாவி இருக்கக் கூடாது. எல்லாப் பூட்டையும் நானே திறப்பேன். என் பூட்டைச் சாவியில்லாமல் திறப்பவனுக்கு வலது கை போய்விடும்" என்று பறையறைவித்தார்.

அன்று தொடங்கியது கூத்து. அரிசி அறை திறக்கவில்லை என்று மடப்பள்ளியில் உலை கொதித்துக் கொதித்து வற்றும். யானைகள் குளிக்கப் போக முடியாமல் சங்கிலியை இழுத்துப் பிளிறும். கோயில் கதவுக்கும் பூட்டுத்தான். சுவாமிக்கே ராஜா வந்தால்தான் விடியும். மகாராஜாவோ, காலையிலிருந்து இருட்டும் வரை ஜல்ஜல் என்று ஓடிக்கொண்டேயிருந்தார். உட்காரும்போதும் சாவி, சாப்பிடும்போதும் சாவி. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போதுகூட இடுப்பைவிட்டு அது இறங்கவில்லை. ராணியம்மாள் என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இதில் சந்தோஷப்பட்டவர் ஒருவர் உண்டு. பிரதானி நாகரசர். "தங்கள் கண் படாத இடத்தில் திருட்டுத்தான் நடக்கும், பிரபு" என்று ராஜாவுக்குத் தூபம் போட்டவர் அவர்தான். காரணம் இருக்கிறது. எந்த வேலை கெட்டாலும், 'மகாராஜாவின் சாவி வரவில்லை' என்று கையை விரித்துவிடலாம் அல்லவா? பிரதானி உத்தியோகம் அத்தனை சுகமாக அவருக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

அந்தச் சபையில் விகடம் பேசி வயிறு வளர்த்தவன் மருதக்கூத்தன். ராஜாவுக்குச் செல்லப்பிள்ளை. ஆகையால் நாகரசருக்குக் கண்ணில் விழுந்த தூசு. எப்போது ஊதித் தள்ளலாம் என்று அவர் காத்துக்கொண்டிருந்தார். அதற்கும் ஒரு நாள் வந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு விடாமல் பெய்த வாரம் அது. ஊருக்கு மேற்கே பேரேரி. ஏரிக்கரைக்குக் கீழே கீழையூர் என்கிற ஊர். ஏரி நிரம்பினால் மதகைத் திறந்து தண்ணீரை ஆற்றில் விடுவது மடைக்காவலன் ஆண்டியின் வேலை. அவன் தகப்பனும் அதைத்தான் செய்தான். ஆனால் மதகின் பலகைக்கு இப்போது இரும்புச் சங்கிலி போட்டு ராஜாவின் பூட்டுத் தொங்கியது.

சனிக்கிழமை காலை ஆண்டி அரண்மனைக்கு ஓடி வந்தான். வாயிற்காவலன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான்.

"மகாராஜா எண்ணெய்க் குளியலில் இருக்கிறார். உத்தரவில்லாமல் உள்ளே விட முடியாது."

"அப்ப நீங்களே போய் உத்தரவு கேளுங்க சாமி! தண்ணி கரை விளிம்பத் தொட்டுருச்சு!"

"உத்தரவு கேட்க உள்ளே போக வேண்டும். உள்ளே போக உத்தரவில்லை."

ஆண்டி தலையில் அடித்துக்கொண்டான். பிரதானியிடம் ஓடினான். நாகரசர் வெற்றிலையை மென்றபடியே, "சாவி என்னிடம் இல்லையே அப்பா" என்று கையை விரித்தார். அந்த வழியாக வந்த மருதக்கூத்தன் இதைப் பார்த்தான்.

"என்ன ஆண்டி, முகம் இப்படி வெளுத்திருக்கிறது?"

"ஐயா, கரை கசியுது. இன்னும் கொஞ்ச நேரந்தான் தாங்கும். கீழையூருல எம் மகளக் கட்டிக் குடுத்திருக்கேன். அவ மட்டுமா, ஊரே கிடக்கு. நான் என்ன செய்வேன்?"

எப்போதும் சிரிக்கிற கூத்தன் அன்று சிரிக்கவில்லை.

"கடப்பாரை இருக்கிறதா?"

"இருக்கு. ஆனா கை போயிருமே ஐயா!"

"உடை. கேட்டால், கூத்தன் உடைக்கச் சொன்னான் என்று சொல்."

ஆண்டி ஓடினான். சங்கிலியின் வளையத்தில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினான். வளையம் தெறித்தது, பலகை மேலெழுந்தது, வெள்ளம் ஆற்றுப் பக்கம் பாய்ந்தது. அதற்குள் கரை கசிந்து கீழையூரின் தாழ்ந்த தெருவில் இடுப்பளவு தண்ணீர் புகுந்து இரண்டு குடிசைகள் சரிந்தன. ஆனால் உயிர் ஒன்றுகூடப் போகவில்லை.

ராஜா தலை துவட்டிக்கொண்டு சபைக்கு வந்தபோது, அவருக்கு முதலில் கிடைத்த சேதி ஊர் தப்பித்தது அல்ல. "பிரபு! தங்கள் பூட்டை உடைத்துவிட்டார்கள்!" என்று நாகரசர் அலறிய சேதிதான். ஆண்டியைக் கயிறு போட்டு இழுத்து வந்திருந்தார்கள். அவன் கையில் அந்தச் சங்கிலித் துண்டும், அதில் பூட்டும்.

ராஜாவின் கண் சிவந்தது. "யார் சொல்லி உடைத்தாய்?"

ஆண்டி வாயைத் திறக்கவில்லை. பாருங்கள், சொல்லிவிட்டால் தன் கை தப்பும் என்று தெரிந்தும் அவன் சொல்லவில்லை. அதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கூத்தன் வந்து நின்றான்.

"நான் சொன்னேன், பிரபு. அவன் கை என் வார்த்தைக்குக் கட்டுப்பட்டது. வெட்டுவதானால் என் கையை வெட்டுங்கள்."

சபைக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தச் சபையில் எவனும் 'நான்தான்' என்று ஒரு காரியத்துக்குப் பொறுப்பேற்று நெடுங்காலம் ஆயிற்று. கூத்தன் மேல் ராஜாவுக்குப் பிரியம் உண்டு. ஆனால் பறையறைவித்த சொல் கழுத்தைப் பிடித்தது.

நாகரசர் பதறுகிறவர்போல் முகத்தை வைத்துக்கொண்டு, "ஐயோ பாவம். ஆனாலும் சட்டம் எல்லோருக்கும் ஒன்றல்லவா, பிரபு?" என்றார். அவர் சைகை காட்டவும் மரக்கட்டையும் வெட்டரிவாளும் வந்துவிட்டன. எங்கே தயாராக வைத்திருந்தாரோ தெரியவில்லை. கேட்கிற நமக்கே பகீர் என்கிறது. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

"கூத்தா" என்றார் ராஜா. "உன் விகடத்தால் இதிலிருந்து தப்ப முடியாது. கையை வை."

"வைக்கிறேன், பிரபு. தங்கள் கட்டளையை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்ற வேண்டும் என்பதே என் ஆசையும். 'என் பூட்டைச் சாவியில்லாமல் திறப்பவனுக்கு' என்பதுதானே கட்டளை?"

"ஆம்."

"பூட்டு இதோ இருக்கிறது. பூட்டியபடியே இருக்கிறது. திறந்தது சங்கிலி."

"வாய்ச் சாமர்த்தியம்!" என்று சீறினார் நாகரசர். "பிரபு, தண்ணீர் வெளியே போய்விட்டது. பூட்டு திறந்தால் என்ன, சங்கிலி அறுந்தால் என்ன?"

"பிரதானியார் சொன்னால் சரி. திறந்ததாகவே இருக்கட்டும்" என்றான் கூத்தன். "ஆனால் 'என் பூட்டு' என்று மகாராஜா சொல்லியிருக்கிறாரே. இது மகாராஜாவின் பூட்டுத்தானா? மகாராஜாவின் சாவி இதில் சுழன்றால், அது அவருடைய பூட்டு. அடுத்த கணம் என் கை இந்தக் கட்டையில் இருக்கும்."

ராஜாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "கொண்டா இப்படி!" என்று பூட்டைப் பிடுங்கினார். கொத்திலிருந்து ஒரு சாவியை எடுத்து நுழைத்தார். நுழையவில்லை. அடுத்ததை எடுத்தார். நுழைந்தது, சுழலவில்லை. அதற்கடுத்தது குதிரை லாயத்துச் சாவி. இன்னொன்று எதன் சாவி என்று அவருக்கே தெரியவில்லை. எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கில் வழுக்கின. ஜல், ஜல், ஜல் என்கிற சத்தம் மட்டும் கேட்டது.

ராஜாவின் நெற்றியில் வியர்வை அரும்பியது. மிச்சம் நாலைந்து சாவிகள். அவற்றையும் போட்டுப் பார்த்தார். கடைசிச் சாவியும் சுழலவில்லை. பைத்தியம் பிடித்தவர்போல் முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். மறுபடியும் அதே கதைதான்.

மதகுச் சாவி கொத்தில் இல்லை. எங்கே விழுந்தது, எப்போது விழுந்தது, ஒருவருக்கும் தெரியாது.

ராஜாவின் முகத்தில் ஈயாடவில்லை. பூட்டையே வெறித்துக்கொண்டு மெல்லக் கேட்டார்:

"ஆண்டி... நீ உள்ளே வந்து என்னிடம் சாவி கேட்டிருந்தால்?"

ஆண்டியை முந்திக்கொண்டு கூத்தன் சொன்னான்:

"இப்போது தேடியதுபோலத்தான் அப்போதும் தேடியிருப்பீர்கள், பிரபு. தேடி முடிக்கும்வரை ஏரி காத்திருக்காது. நாம் இப்போது கீழையூரில் பிணங்களைத் தூக்கிக்கொண்டிருப்போம்."

ராஜா சிம்மாசனத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். ஒரு முழு ஊர். அவர் இடுப்பில் இல்லாத ஒரு சாவியை நம்பி ஒரு முழு ஊர் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

நாகரசர் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "இது கொல்லனின் குற்றம், பிரபு! வளையத்தை இறுகச் செய்யவில்லை. அவனைக் கட்டி இழுத்து வரச் சொல்லட்டுமா? இல்லையேல் எண்ணெய் தேய்த்த வேலைக்காரன்—"

"நிறுத்தும், நாகரசரே!"

ராஜா போட்ட அதட்டலில் பிரதானியின் வாயிலிருந்த வெற்றிலை தொண்டைக்குள் போய்விட்டது.

"சாவியை எல்லோரிடமிருந்தும் பிடுங்கியவன் நான். இடுப்பில் கட்டிக்கொண்டவன் நான். தொலைத்தவனும் நான்தான். பொன்னம்பலம் தொலைத்தது சந்தன அறைச் சாவி. அதற்கு அவனை நாட்டைவிட்டுத் துரத்தினேன். நான் தொலைத்தது ஒரு ஊரின் உயிர். என்னை எங்கே துரத்துவது?"

ராஜா வாயால் 'என் தப்பு' என்ற வார்த்தையைச் சபை கேட்டதே இல்லை. கிழட்டுப் புரோகிதர் ஒருவர், காதில் சரியாக விழவில்லையோ என்று காதைக் குடைந்துகொண்டார்.

ராஜா கூத்தனைப் பார்த்தார். "சாவி தொலைந்தது உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாது, பிரபு."

"என்ன! தெரியாமலா கையைப் பணயம் வைத்தாய்?"

"ஒரு தேசத்தின் சாவியெல்லாம் ஒரே இடுப்பில் தொங்கினால், ஒன்றாவது நழுவியிருக்கும் என்று நினைத்தேன்."

"நழுவாமல் இருந்திருந்தால்?"

"கை போயிருக்கும். இன்னொரு கை இருக்கிறதே. தாளம் போடத்தான் முடியாது, மகாராஜாவைப் பார்த்துக் கும்பிடவும் முடியாது. ஒரு கையால் சலாம் போட்டுக் காலத்தை ஓட்டியிருப்பேன்."

இதைக் கேட்டதும் ராஜாவுக்கு முதலில் திக்கென்றது. பிறகு உதடு துடித்தது. அப்புறம் அவர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார். அதில் எது சிரிப்பு, எது அழுகை என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது. சிம்மாசனத்தைவிட்டு இறங்கி வந்து, தன் கையிலிருந்த தங்கக் காப்பைக் கழற்றி, வெட்டுப்பட இருந்த கையிலேயே மாட்டினார். ஆண்டியின் கயிற்றைத் தாமே அவிழ்த்துவிட்டார்.

"மதகுக்குப் புதுப் பூட்டும் சாவியும் இன்றே செய்யச் சொல்லுங்கள். சாவி ஆண்டியிடம் இருக்கட்டும். எப்போது திறப்பது என்று அவனுக்குத் தெரியும், என்னை வந்து கேட்க வேண்டாம்" என்றார். "பொன்னம்பலத்தைத் தேடி அழைத்து வாருங்கள். கீழையூருக்கு நானே போகிறேன். சரிந்த குடிசைக்கு நான்தான் காரணம் என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்."

பிறகு கொத்தை அவிழ்த்தார். அரிசி அறைச் சாவி மடப்பள்ளிக்குப் போனது. யானைக் கொட்டில் சாவி பாகனுக்கு, கோயில் சாவி குருக்களுக்கு. ஒவ்வொருவரும் கண்ணை அகல விரித்து, நெருப்பை வாங்குவதுபோல் வாங்கிக்கொண்டார்கள். கடைசியில் பெரிய சாவி ஒன்று மிஞ்சியது. தேசத்தின் நெல்லெல்லாம் கிடக்கும் களஞ்சியத்தின் சாவி.

ராஜா அதை நாகரசரிடம் நீட்டினார்.

சபைக்கு மறுபடியும் அதிர்ச்சி. கூத்தனே ஒரு அடி பின்வாங்கினான். நாகரசரோ கையை விரித்தே பழகிய மனிதர். விரித்த கையில் இப்போது சாவி விழுந்துவிட்டது. இனி 'மகாராஜாவின் சாவி வரவில்லை' என்று யாரிடம் சொல்வது?

"பி... பிரபு" என்று குழறினார். "இது தொலைந்துவிட்டால்?"

மகாராஜா அவர் தோளில் கை போட்டார்.

"தொலைந்தால் ஒளிக்காமல் ஓடி வந்து சொல்லும். இருவரும் சேர்ந்தே தேடுவோம். என் மதகுச் சாவியையும் நான் இனிமேல்தான் தேட வேண்டும்."

அந்தத் தேசத்தில் அதன்பிறகு சாவிகள் தொலையவே இல்லையா என்று கேட்காதீர்கள். தொலைந்தன. தொலைத்தவர்கள் வந்து சொன்னார்கள். கதை கேட்ட உங்களுக்கும் அப்படி ஒரு ராஜா வாய்க்கட்டும், சொன்ன எனக்கு ஒரு தம்ளர் மோர் வாய்க்கட்டும்.