ஃபிளாஸ்க் பிடிச்ச புரொஃபசர்

வேலை செய்யிற இடத்துல எல்லாரும் சமம்னு ஆராய்ச்சி பண்றவர் புரொஃபசர் பரமகுருநாதன். ஆனா அவர்கிட்ட பிஎச்.டி பண்ற அஞ்சு பேர்ல, கேன்டீனுக்குப் போய் டீ வாங்கிட்டு வந்து ஊத்திக் குடுக்குறது மட்டும் எப்பவும் இசக்கிதான். ஏன்னா அவ ஒருத்திதான் பொண்ணு. தீசிஸ் எழுத உக்காந்தாலே "ஏம்மா, டீ"ன்னு குரல் வந்துரும். இப்படியே போனா தீசிஸ் எங்க முடியப் போகுது?

ஒருநாள் புரொஃபசர் எல்லாரையும் கூப்பிட்டார். "என் புஸ்தகத்துக்கு அட்டைப்படம் வேணும். அதுல நாம எல்லாரும் சமமா இருக்கணும். ஆனா நான்தான் பெரிய ஆளுன்னும் தெரியணும்."



"லேசு சார்," இசக்கி சொன்னா. "நாங்க உக்காந்துக்கிறோம், நீங்க நில்லுங்க. உங்க தலைதான் உசரத்துல இருக்கும்."

"சும்மாவா நிக்கிறது?"

"கையில ஃபிளாஸ்க் பிடிச்சு எங்களுக்கு டீ ஊத்துங்க சார். இவ்வளவு பெரிய மனுஷனுக்கு இப்படி ஒரு மனசான்னு ஊரே பேசும்."

அவருக்கு உச்சி குளிர்ந்துபோச்சு.

வெளியீட்டு விழாவுல துணைவேந்தர் அம்மா அட்டையைப் பாத்து அசந்துட்டாங்க. மைக்லயே கேட்டாங்க: "தினமும் நீங்கதான் ஊத்துறீங்களா சார்?"

அரங்கமே அவரைப் பாக்குது. இல்லைன்னு சொன்னா புஸ்தகமே பொய்யாயிரும். "ஆமா மேடம்"னார்.

"அப்ப எனக்கும் ஒரு கப். சொல்லாம கொள்ளாம ஒருநாள் வர்றேன்."

எந்த நாள்னு தெரியாதே. அதனால தினமும் அவரே ஊத்துறார். தீசிஸோட கடைசி அத்தியாயத்தை எழுதிட்டு இருக்கிற இசக்கி தலையைத் தூக்காமலே சொல்றா: "எனக்குச் சக்கரை கம்மி சார்."