எண்ணெய்க்கார ராஜாவும் பொடிக்கடை மந்திரியும்

முன்னொரு காலத்தில், எந்தக் கல்வெட்டிலும் பெயர் அகப்படாத ஒரு நாட்டில், மகுடவர்மன் என்ற ராஜா சபை நடுவே எழுந்து நின்று இப்படிச் சொன்னார்:

"பிறர் எடுத்துக் கொடுத்து நாம் ஒருநாளும் பேசியதில்லை. அப்படிப்பட்ட வாய் இந்த... இந்த..."

அமைச்சர் தாண்டவமூர்த்தி அவர் காதருகே குனிந்தார். "ஐம்பத்தாறு."

"ஐம்பத்தாறு தேசத்திலும் நமக்கு மட்டுமே உண்டு!"

சபை கைதட்டியது. யாரும் சிரிக்கவில்லை. சம்பளம் வாங்குகிற சபை அது.

ராஜா திடீரென்று இப்படி முழங்கக் காரணம், முந்தின நாள் அவர் பார்த்த நாடகம். அந்த ஊரில் அறுவடை முடிந்ததும் ஊர்க்காரர்களே வேஷம் கட்டி ஆடுவார்கள். அவர்களில் யாருக்கும் அது தொழில் இல்லை. செக்கு ஆட்டும் பொன்னுரங்கம்தான் ராஜா. நாவிதர் சடையப்பர்தான் ராணி. ஊருக்கெல்லாம் மீசை மழிக்கும் சடையப்பர் தம் மீசையை மட்டும் தொட விடமாட்டார். மேடையில் அதை முந்தானையால் மூடிக்கொண்டு அழுவார். நாடகத்தை எழுதிப் பழக்குகிறவர் அரண்மனை விதூஷகர் மாசிலாமணி.

பொன்னுரங்கத்துக்கு இடி போன்ற குரல். ஞாபகம்தான் கிடையாது. ஆகவே பொடிக்கடைக் குழந்தைவேலு ஓலைக்கட்டோடு திரைக்குப் பின்னால் குந்திக்கொண்டு, வசனத்தை ஒவ்வொரு வரியாக எடுத்துக் கொடுப்பார். இந்த முறை அவர் விற்கிற பொடி அவர் மூக்கிலேயே ஏறி, "ஹச்சூ!" என்று தும்மிவிட்டார். பொன்னுரங்கம் வாளை உருவினார். எதிரியை முறைத்தார். "ஹச்சூ!" என்று கர்ஜித்தார். எதிரி இரண்டடி பின்வாங்கினான்.

ராஜா அதைச் சொல்லிச் சொல்லி ஏளனம் செய்துகொண்டிருந்தார். அமைச்சருக்கு இதுதான் சமயம் என்று பட்டது. அவருக்கு மாசிலாமணி மேல் பழைய காய்ச்சல். ராஜாவைப் புகழ்ந்து நானூறு பாட்டில் அவரும் ஒரு நாடகம் எழுதி அரங்கேற்றியிருந்தார். பார்க்க வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அவருடைய மாமனார். இன்னொருவர் வழிதவறி வந்தவர்.

"மகாராஜா, எடுத்துக் கொடுத்தால்தான் பேசத் தெரிந்த ஒருவன் ராஜா வேஷம் கட்டுவது ராஜாக்களுக்கே இழுக்கு. அந்த நாடகக் கொட்டகையைப் பிரித்தால் பட்டத்து யானைக்கு நிழலாவது ஆகும்" என்றார்.

ராஜா ஆணையிட்டார். "வரும் பௌர்ணமியன்று மாலை, அரண்மனை முற்றத்தில் மறுபடி ஆடட்டும். திரைக்குப் பின்னால் இருந்து எவனாவது ஒரு சொல் எடுத்துக் கொடுத்தாலும் கொட்டகை யானைக்கு. அதன்பின் இந்த ஊரில் நாடகமே கிடையாது."

"பின்னால் இரண்டு காவலரை நிறுத்திவிடுகிறேன்" என்றார் அமைச்சர், முகமெல்லாம் மலர.

பௌர்ணமிக்கு மூன்று நாள் இருந்தபோது, பொன்னுரங்கம் எண்ணெய்க் கையோடு கொட்டகைக்கு வந்து கிரீடத்தை மாசிலாமணியின் முன்னால் வைத்தார்.

"ஐயா, என்னை விட்டுடுங்க. பத்து நாளா செக்குமாட்டுக்கிட்ட வசனத்தைச் சொல்லிச் சொல்லிப் பாக்கறேன். மாட்டுக்கு வந்துடுச்சு. எனக்கு வரலை."

"அப்ப கிரீடத்தை மாட்டுக்கே வையும்யா" என்றார் சடையப்பர், ராணியின் சேலையில் கிழிசலைத் தைத்தபடி.

பொன்னுரங்கம் சிரிக்கவில்லை. "வருஷம் பூரா மாட்டுக்கிட்டயே பேசறவன் நான். அது திரும்பிக்கூடப் பாக்காது. இந்த ஒரு நாள்தான் நாலு மனுஷங்க நான் பேசறதை உக்காந்து கேக்கறாங்க. அதுவும் என்னாலயே இல்லாமப் போச்சுன்னா..."

சடையப்பர் ஊசியை நிறுத்திவிட்டார். "எல்லாம் என் மூக்கால வந்த வினை" என்று குழந்தைவேலு மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

மாசிலாமணி கேட்டார்: "ராஜா சொன்னது என்ன? திரைக்குப் பின்னால் இருந்து எடுத்துக் கொடுக்கக் கூடாது. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதாங்க."

"சடையப்பரே, தையலை அப்புறம் பார்க்கலாம். குழந்தைவேலுவுக்கு ஒரு பெரிய தலைப்பாகையாகக் கட்டிவிடும்."

பௌர்ணமி மாலை, முற்றம் கொள்ளாத கூட்டம். திரைக்குப் பின்னால் இரண்டு காவலர்கள் ஈட்டியோடு நின்றார்கள். திரை விலகியது. பொன்னுரங்க மகாராஜா சிம்மாசனத்தில் வீற்றிருந்தார். அவர் தோளருகே, பெரிய தலைப்பாகையும் பட்டு அங்கியுமாக, கையில் அரசாங்க ஓலை ஏந்திய ஓர் அமைச்சர். அமைச்சர் குனிந்தார். ராஜாவின் காதில் ஏதோ சொன்னார். "யாரங்கே! எதிரி நாட்டுத் தூதனை அழைத்து வா!" என்று ராஜா முழங்கினார். அமைச்சர் மறுபடி குனிந்தார். ராஜா மறுபடி முழங்கினார். ஒரு சொல் பிசகவில்லை. இப்படி ஒரு சபையைத் தினமும் பார்க்கிற மாதிரியே இருந்ததால் யாருக்கும் வித்தியாசமாகத் தோன்றவில்லை.

பிறகு குழந்தைவேலு தும்மினார். ராஜாவின் காதுக்குள்ளேயே தும்மினார்.

பொன்னுரங்கம் ஒரு கணம் யோசித்தார். எழுந்து நின்றார். "ஹச்சூ!"

"மகாராஜாவுக்கு நூறு வயசு!" என்று முந்தானைக்குள்ளிருந்து கூவினார் ராணி. எதிரி நாட்டுத் தூதன் முதற்கொண்டு எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள். முற்றம் கைதட்டலில் அதிர்ந்தது.

நிஜ அமைச்சர் துள்ளி எழுந்தார். "மோசடி! அவன் எடுத்துக் கொடுக்கிறான்!"

மாசிலாமணி காவலர்களைக் கேட்டார். "திரைக்குப் பின்னால் யாராவது உண்டா?"

"ஒருத்தரும் இல்லீங்க. ஒரு சேலையும் சவரக் கத்தியும் கிடக்குது."

"மகாராஜா, தங்கள் ஆணை திரைக்குப் பின்னால் இருப்பவரைப் பற்றியது. இவர் திரைக்கு முன்னால், எல்லோரும் பார்க்க நிற்கிறார். தவிர, காதில் சொல்ல ஓர் அமைச்சர் இல்லாமல் ராஜசபை என்று ஒன்றைக் காட்டினால் ஜனங்கள் நம்ப வேண்டாமா? பதினொரு வருஷமாக இங்கே ஊழியம் செய்கிறேன். அப்படி ஒரு சபையை நான் கண்டதில்லை."

ராஜாவின் முகம் சிவந்தது. அமைச்சர் பழக்க தோஷத்தில் அவர் காதருகே குனிந்து, "சிறையில் தள்ளுங்கள்" என்றார்.

"சிறையில்..." என்று தொடங்கிய ராஜா நிறுத்தினார்.

மேடையில் ஒரு ராஜா. அவர் காதருகே ஒரு தலைப்பாகை. கீழே ஒரு ராஜா. அவர் காதருகே ஒரு தலைப்பாகை. கூட்டம் மேலும் கீழும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது. ராஜாவும் மேடையைப் பார்த்தார். தம் தோளைப் பார்த்தார்.

"தாண்டவமூர்த்தி, சற்றுத் தள்ளி அமரும்."

பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கூட்டமும் சேர்ந்துகொண்டது. சபையும் சிரித்தது, ராஜா சிரித்து முடிவதற்குள். ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி மாசிலாமணிக்குப் போட்டார். கொட்டகைக்கு ஓடு வேய்ந்து தரச் சொன்னார். பொன்னுரங்கத்துக்குப் பட்டுச் சால்வை போர்த்தி, மெதுவாகக் கேட்டார்: "ராஜாவாக நடிப்பது கடினமோ?"

"கஷ்டமெல்லாம் இல்லீங்க மகாராஜா. காதுதான் கூசும்."

"அது உண்மை" என்றார் ராஜா.

மறு வருஷ நாடகத்தில் பொன்னுரங்கம் காட்டுக்குள் தனியாக வேட்டைக்குப் போகிற ராஜா. அமைச்சர் வேஷத்தில் ருசி கண்ட குழந்தைவேலு, இனித் திரைக்குப் பின்னால் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்துப் புலியாகிவிட்டார். எடுத்துக் கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. ஓலைக்கட்டு மட்டும் திரைக்குப் பின்னால் ஒரு முக்காலி மேல் கிடந்தது. ஆட்டம் தொடங்கியபோது, முன்வரிசையில் ராஜாவின் ஆசனமும் காலியாக இருந்தது.

பொன்னுரங்கம் மேடைக்கு நடுவே வந்து நின்றார். "எனக்கு நிகரான வீரன் இந்த... இந்த..." என்று தடுமாறினார். கண்கள் தாமாகவே திரைப்பக்கம் போயின.

மாசிலாமணி ஓடிப்போய்த் திரையின் ஓரத்தை விலக்கிப் பார்த்தார். முக்காலி மேல் ஒரு நிஜக் கிரீடம் இருந்தது. கீழே, ஓலையை விளக்குப் பக்கம் சாய்த்துப் பிடித்து, ஒருவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மாசிலாமணியைக் கண்டதும், பேசாதே என்று விரலை உதட்டில் வைத்தார்.

பிறகு வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, மேடைக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"ஐம்பத்தாறு."