கொக்குமேட்டுச் சைக்கிள் தடுப்பு

எங்கள் கொக்குமேட்டில் அறிவுக்குப் பஞ்சமே கிடையாது. யாரும் அதை எடுத்துச் செலவழிப்பதில்லை, அவ்வளவுதான். எங்களிலேயே பெரிய அறிவாளி யாரென்று கேட்டால் இடியாப்பம் விற்கும் துலுக்காணம் அண்ணனைத்தான் காட்டுவோம். அவரும் மறுக்க மாட்டார்.

ஊருக்கு நடுவே ஓடும் கால்வாய்க் கரையில் சைக்கிள் பாதை போட்டிருந்தார்கள். விடிந்ததும் துலுக்காணம் கேரியரில் இடியாப்பப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அந்த வழியாகத்தான் பெண்கள் விடுதிக்குப் போவார். அதே பாதையில் பைக்குகளும் பறந்தன. ஒரு நாள் ஒரு பைக் உரசியதில் பெட்டி கால்வாயில் கவிழ்ந்தது. கெளுத்தி மீன்கள் தேங்காய்ப்பால் கேட்காத குறையாகத் தின்று தீர்த்தன.

விடுதி வார்டன் கறாராகச் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவை எங்க பொண்ணுங்க பட்டினியா காலேஜுக்குப் போனாங்கன்னா, நான் வேற ஆளைப் பார்த்துக்குவேன்."

அந்த விடுதியை விட்டால் துலுக்காணத்துக்கு வேறு வாடிக்கையே இல்லை.

உடனே ஒரு சங்கம் வைத்தார். தலைவர் அவர். உறுப்பினர்கள் தையல்காரர் கன்னியப்பனும் பூக்கடை மரகதமும். மூவருமாகப் போய் மாநகராட்சிப் பொறியாளர் அம்மாவைப் பார்த்தார்கள். அவர் வேலை அவசரத்தில், "இரும்புக் குழாய் தரச் சொல்றேன். சைக்கிள் மட்டும் நுழையற மாதிரி ஒரு தடுப்பு வைங்க. வேற எதுவும் நுழையக் கூடாது. புரிஞ்சுதா?" என்றார்.

"நல்லாப் புரிஞ்சுது மேடம்" என்றார்கள் மூவரும்.

எங்கள் ஊர்க்காரர்கள் இப்படிச் சொன்னால் கொஞ்சம் பயப்பட வேண்டும். பாவம், அந்த அம்மா ஊருக்குப் புதுசு.

கன்னியப்பன் டேப்பை எடுத்து துலுக்காணத்தின் சைக்கிளுக்கு அளவெடுத்தார். தோள், மார்பு, இடுப்பு, உயரம் எல்லாம்.

"தையலுக்கு ஒரு விரல் விடட்டுமா அண்ணே?"

"ஐயையோ, விட்டுடாதே. அதுல பைக் பூந்துடும்."

"மேல உக்காந்து ஓட்டப்போறது நீதானே அண்ணே? உன் உயரத்தைச் சேக்க வாணாமா?" என்று கேட்டார் மரகதம்.

துலுக்காணம் கண்ணை மூடி யோசித்தார். "மேடம் என்ன சொன்னாங்க? சைக்கிள் மட்டும். நான் சைக்கிளா?"

மரகதம் அவரை மேலும் கீழும் பார்த்தார். "இல்லைன்னுதான் தோணுது."

"அப்போ நானும் நுழையக் கூடாது. தலைவர்னு எனக்குச் சலுகை குடுத்தா நாளைக்கு ஊர் என்ன பேசும்?"

தன் நேர்மையை நினைத்து அவரே தன் தோளைத் தட்டிக்கொண்டார்.

தடுப்பு எழும்பியது. இந்தப் பக்கம் ஒரு குழாய், அந்தப் பக்கம் ஒரு குழாய், தலைக்கு மேலே என்று சொல்ல முடியாது, ஹேண்டில்பாருக்கு மேலே ஒரு குழாய். பாதையின் ஓரத்தில் இருந்த புல்தரையைப் பற்றி மேடம் ஒன்றும் சொல்லாததால் அதில் யாரும் கை வைக்கவில்லை.

மறுநாள் காலை துலுக்காணம் பெட்டியைக் கீழே இறக்கி வைத்துவிட்டு சைக்கிளை உள்ளே தள்ளினார்.

"அண்ணே, கை! கை நுழையுது!" என்று அலறினார் கன்னியப்பன்.

வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு, பின்னாலிருந்து ஓங்கி ஒரு தள்ளு தள்ளினார். சைக்கிள் தடுப்பில் படாமல் புகுந்து, தானாகவே நெடுந்தூரம் ஓடி, நடுப்பாதையில் படுத்தது. மூவரும் கைதட்டினார்கள்.

கைதட்டி முடிந்ததும்தான் உறைத்தது. சைக்கிள் உள்ளே, இடியாப்பம் வெளியே. வார்டனின் முகம் கண்முன்னே வந்து நின்றதும் துலுக்காணத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏறிக் குதிச்சுப் போயேன்" என்றார் மரகதம்.

"குதிச்சாலும் நுழைஞ்ச மாதிரிதானே மரகதம்!"

அந்த நேரம் பார்த்து கூரியர்கார அந்தோணி பைக்கில் வந்தார். தடுப்பைப் பார்த்தார். வண்டியைப் புல்லில் இறக்கி, சுற்றிக்கொண்டு மறுபடி பாதையில் ஏறினார்.

"புடி அவனை!" என்று கிளம்பிய கன்னியப்பனைத் துலுக்காணம் தடுத்தார். "எதுக்குப்பா? தடுப்புக்குள்ள நுழைஞ்சாரா? ஒதுங்கித்தானே போறார். மரியாதை தெரிஞ்ச மனுஷன்." பிறகு குரலை உயர்த்தி, "தம்பி அந்தோணி, விடுதிப் பக்கமா போறே?" என்றார்.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறிக்கொண்டார். வார்டன் மூடியைத் திறந்தபோது ஆவி பறந்தது. "இன்னிக்குத்தான் சூடா கொண்டாந்திருக்கீங்க. தினமும் இப்படியே வாங்க" என்று அந்த அம்மா சிரித்ததும் துலுக்காணத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அன்றிலிருந்து தினமும் அந்தோணியின் பைக்தான். விழுந்து கிடந்த சைக்கிளை என்ன செய்வதென்று சங்கத்தில் பேச்சு வந்தது. "சைக்கிள் பாதையில சைக்கிள் கிடக்கு, அதுல என்ன தப்பு?" என்று கன்னியப்பன் கேட்க, அதை அப்படியே விட்டுவிட்டார்கள்.

ஒரு நாள் பனியில் கண் தெரியாமல் பைக் அந்தச் சைக்கிளை மோதப் பார்த்தது. அந்தோணி பிரேக்கை மிதித்தார். பெட்டி சாய்ந்து, கால்வாயை எட்டிப் பார்த்துத் திரும்பியது. துலுக்காணம் பெட்டியை இறுகக் கட்டிக்கொண்டு கத்தினார்.

"எவன்யா சைக்கிளை நடுவழியில போட்டது? என் பொழப்பே போயிருக்குமே!"

மத்தியானமே மூவரும் மேடம் முன்னால் நின்றார்கள்.

"மேடம், தடுப்பு அருமையா வேலை செய்யுது. ஒரே ஒரு குறைதான்" என்று பணிவாகத் தொடங்கினார் துலுக்காணம். "அது வழியா சைக்கிள் நுழைஞ்சிடுது."