லியோ வைத்த இறுக்கம்

மூன்றாவது வளைவில் பெனிட்டா மறுபடியும் புல்தரைக்குப் போய்விட்டாள்.

சாய்த்தபோது பைக் சாய்ந்தது. ஆனால் திரும்பவில்லை. வளைவின் உள்விளிம்பை விட்டு விலகி, தன் போக்கில் வெளியே போய்க்கொண்டே இருந்தது. டயர் அடுக்கிய சுவருக்கு ஒரு கை தூரத்தில்தான் நின்றது. இன்ஜினை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

வண்டி அவளுடைய அண்ணன் லியோவுடையது. கோயம்புத்தூருக்கு வெளியே இருக்கிற இந்தப் பந்தயத் தடத்தில், அவன் மூன்றாவது வளைவை எடுப்பதைப் பார்க்கவே ஆட்கள் வேலியோரம் வந்து நிற்பார்கள். போன மழைக்காலத்தில் டெங்கு வந்து படுத்தவன் பிழைக்கவில்லை. வண்டி தங்கையிடம் வந்தது. மறுநாள் அதில் அவளுக்கு முதல் பந்தயம்.

ஷெட்டுக்கு உருட்டிக்கொண்டு வந்தாள். தனுஷ்கோடி மாஸ்டர் உள்ளே இருந்தார். அண்ணனுக்கும் தங்கைக்கும் பந்தயம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

“எங்கிட்ட என்ன தப்பு மாஸ்டர்?”

“நீயே சொல்லு.”

“அண்ணன் பிரேக் பிடிச்ச இடத்துலதான் பிடிக்கிறேன். அவன் சாய்ச்ச இடத்துலதான் சாய்க்கிறேன். அவனுக்குத் திரும்புன வண்டி எனக்குத் திரும்ப மாட்டேங்குது.”

“வண்டியில எதையாவது மாத்துனியா?”

“எதையும் தொடல.”

உண்மைதான். பின்சக்கரத்து ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்க வேண்டுமோ அவ்வளவு இறுக்கி, நகர்ந்தால் தெரியட்டும் என்று லியோ அதில் மஞ்சள் பெயிண்ட்டால் ஒரு கோடு இழுத்திருந்தான். வண்டியைக் கழுவும்போதுகூட அந்தக் கோட்டின் மேல் துணி படாமல் பார்த்துக்கொள்வாள். மெக்கானிக்குகளை அந்தப் பக்கம் அண்டவிட்டதே இல்லை.

மாஸ்டர் குனிந்து, முன் ஃபோர்க்கின் குழாயில் மாட்டியிருந்த ரப்பர் வளையத்தை அடிவரைக்கும் தள்ளினார். ஃபோர்க் எவ்வளவு அமுங்குகிறதோ அவ்வளவு தூரம் அந்த வளையம் மேலே ஏறி, அங்கேயே நின்றுவிடும்.

“ஒரு ரவுண்டு போயிட்டு வா. பிரேக்கை மட்டும் எப்பவும் போலப் பிடி.”

போய்விட்டு வந்தாள். மாஸ்டர் வளையத்துக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்தார். ஒரு விரல் அகலம்கூட முழுசாக இல்லை.

“லியோ ஓட்டிட்டு வந்தா எவ்வளவு இருக்கும்?”

“நாலு விரல்.”

“அவன் உடம்பு எப்படி, உன் உடம்பு எப்படி?”

லியோ ஷெட்டுக்குள் குனிந்து நுழைகிற ஆள். அவள் அவன் தோளுக்குக்கூட எட்டமாட்டாள்.

“அவன் பிரேக் பிடிச்சா முன்பக்கம் இறங்கும். இறங்குனாத்தான் டயர் ரோட்டைக் கவ்வும். அப்புறம்தான் திரும்பும்,” என்றார் மாஸ்டர். “முன்னாடியும் பின்னாடியும் ஸ்பிரிங் அவன் பாரத்துக்கு இறுக்குனது. நீ ஏறி உட்கார்ந்ததே இந்த வண்டிக்கு இன்னும் தெரியல.”

ஸ்பிரிங்கை இறுக்கித் தளர்த்துகிற கொக்கி ஸ்பேனரைச் சுவரிலிருந்து எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

“நீங்க பண்ணுங்க மாஸ்டர்.”

“ஓட்டப்போறது நீம்மா. நீதான் பண்ணணும்.”

பெனிட்டா மஞ்சள் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அண்ணன் கடைசியா வெச்சது இது. இதையும் மாத்திட்டா, அவன் வெச்சது வெச்சபடி இருக்குன்னு சொல்ல எங்கிட்ட வேற ஒண்ணுமே இல்ல.”

பக்கத்து ஷெட்டில் யாரோ ஆக்ஸிலரேட்டரை முறுக்கிப் பார்த்தார்கள். அந்தச் சத்தம் அடங்கியதும் மாஸ்டர் கேட்டார்.

“எப்ப வெச்சான் இதை?”

“புரட்டாசிப் பந்தயத்துல. மத்தியானம். அன்னைக்கு வெயில் கொளுத்துச்சு.”

“அன்னைக்குக் காலையில?”

“காலையில வேற வெச்சிருந்தான்.”

“முந்தின நாள்?”

“அது வேற…”

லியோ தடத்திலிருந்து உள்ளே வந்தால் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே வண்டியின் பக்கத்தில் மண்டியிட்டுவிடுவான். சோறு ஆறிப்போகும். அவள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு திட்டிக்கொண்டே நிற்பாள். இருக்கட்டும் விடேன் என்பாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்பான்.

“அப்ப இது அந்த ஒரு மத்தியானத்துக்கு வெச்சது,” என்றார் மாஸ்டர்.

பெனிட்டா ஸ்பேனரை வாங்கிக்கொண்டாள்.

முதல் தள்ளலுக்கு அது அசையவில்லை. முழங்காலை ஊன்றி உடம்பின் பாரத்தைக் கொடுத்தாள். சட்டென்று இளகியது. மஞ்சள் கோடு இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி மட்டும் நகர்ந்து போனது. அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. கை நிற்கவில்லை. மாஸ்டர் போதும் என்று சொல்லும்வரை தளர்த்தினாள். பிறகு முன்பக்கத்தையும் தளர்த்தினாள்.

தடத்துக்குப் போனாள். மூன்றாவது வளைவுக்கு முன்னால் பிரேக் பிடித்தபோது, வண்டியின் முன்பக்கம் தனக்குக் கீழே இறங்குவதை முதல்முறையாக உணர்ந்தாள். சாய்த்தாள். வண்டி திரும்பியது. உள்விளிம்பை ஒட்டிப் போய், நேர்தடத்தில் விட்டது. அடுத்த ரவுண்டிலும் அப்படியே.

திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

“திரும்புது மாஸ்டர்.”

“பார்த்தேன்.”

“அண்ணன் போற வழியில போகல. அதுக்கும் கொஞ்சம் உள்ள தள்ளிப் போகுது.”

“போகட்டும்.”

கிரீஸ் படிந்த ஸ்பேனரைத் துணியால் துடைத்தாள். பெட்டியைத் திறந்தாள்.

“இதுதான் எனக்குச் சரியான இடம். இனிமே இதை யாரும் தொட வேண்டாம். இப்படியே இருக்கட்டும், இல்லையா மாஸ்டர்?”

மாஸ்டர் ஷெட்டின் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தார்.

“மேற்கே மேகம் கட்டுது,” என்றார். “ஸ்பேனரை உள்ளே வெச்சுடாதே.”