கூத்தன் தின்ற கடுக்காய்

வேங்கைநாட்டு அரசவைக்குள் அம்பலக்கூத்தனின் தொப்பை முதலில் நுழையும். கூத்தன் பின்னால் வருவான். ராஜாவைச் சிரிக்க வைப்பது அவன் உத்தியோகம். வாயை மூடத் தெரியாதது அவன் வியாதி.

அன்று அரண்மனை வைத்தியர் அகளங்கர் ஒரு கடுக்காயை ராஜா முன் வைத்தார். "கொட்டையை நீக்கி, தோலைப் பொடித்து, இரவில் வெந்நீரில் சாப்பிட்டால் மலச்சிக்கல் தீரும், ஈறு இறுகும், பசி சீராகும்" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். கூத்தனால் முடிகிற காரியமா? ராஜாவின் மீசையில் அப்போதுதான் நரை எட்டிப் பார்த்திருந்தது.

"இவ்வளவுதானா வைத்தியரே? கடுக்காய் தின்றால் கிழவனும் பதினாறு வயதுப் பிள்ளையாகிவிடுவான், மகாராஜா!" என்று அளந்துவிட்டான்.

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். வைத்தியர் புன்னகைத்தார். கூத்தனின் ஆசனத்தின் மேல் வைத்தியரின் மைத்துனனுக்கு வெகுநாளாக ஒரு கண்.

"அப்படியானால் கூத்தனே முதலில் தின்று காட்டட்டும், பிரபு. ஒரு மண்டலத்தில் பதினாறு திரும்பாவிட்டால் ஆசனத்தைக் காலி செய்யட்டும்."

"ஆகட்டும். திரும்பினால் மறுநாளே நானும் தொடங்குகிறேன்" என்றார் ராஜா.

வீட்டில் மனைவி உலகம்மை இடுப்பில் கைவைத்தாள். "ஆசனம் போனால் உங்களை வைத்துக்கொண்டு நான் என்ன ஊறுகாயா போடுவது? இனிமேல் புளி கிடையாது, வறுவல் கிடையாது. பத்தியம் என் பொறுப்பு!"

மண்டலம் முடிந்தது. தொப்பை கொஞ்சம் இறங்கியிருந்தது. வழுக்கை மட்டும் அப்படியே பளபளத்தது.

"பதினாறு வயதுத் தலையைப் பாருங்கள், பிரபு!" என்று வைத்தியர் கைகொட்டினார்.

"தலையை விடுங்கள், என் பிழைப்பைப் பாருங்கள்" என்றான் கூத்தன். "விடிந்தால் ஓட்டமாய் ஓடுகிறேன், கொல்லைப்பக்கம். வடைச் சட்டியை நெருங்கினால் கையில் அடி. வாசலைத் தாண்டினால் 'எங்கே கிளம்பியாச்சு?' திரும்பி வந்தால் 'வாயை ஊதுங்க, என்ன தின்னீங்க?' நேற்று அப்பளம் திருடி மாட்டிக்கொண்டேன். பூனை என்று பொய் சொன்னேன். காதைத் திருகாத குறைதான். பதினாறுக்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?"

"அது பத்தியமப்பா! பெண்டாட்டி கண்டிப்பாக இருந்தால்தான் மருந்து பலிக்கும். எல்லோர் வீட்டிலும் இதே கதைதான்!" என்று வைத்தியர் கத்தினார்.

"கேட்டீர்களா, மகாராணி?" என்று ராஜாவின் அருகில் அமர்ந்திருந்த அரசியிடம் திரும்பினான் கூத்தன். " மகாராஜாவுக்கு நாளை தொடங்க வேண்டும். பத்தியம் தங்கள் பொறுப்பு."

அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த மகாராணிக்கு முகம் மலர்ந்தது. "நாளை எதற்கு? இன்றைக்கே காடை வறுவலை நிறுத்திவிடுகிறேன். தலையணைக்கடியில் இருக்கிற அதிரசத்தையும் எடுத்துவிடுகிறேன்."

ராஜாவுக்கு வியர்த்தது.

"கூத்தனுக்குப் பதினாறேதான், சந்தேகமே இல்லை! ஆசனம் அவனுக்கே. எனக்கு... எனக்கு இந்த நரை நன்றாகத்தான் இருக்கிறது." மகாராணி முறைத்ததும் அவருக்கே சிரிப்பு பீறிட்டது. "பிழைத்தாயடா! என்ன பரிசு வேண்டும், கேள்."

கூத்தன் பவ்யமாகக் கைகட்டி நின்றான்.

"வீட்டில் கேட்டுக்கொண்டு வந்து சொல்கிறேன், மகாராஜா."