விரல் விட்ட சிவப்பு நீர்

முன்னொரு காலத்தில் தேனாற்று நாட்டைக் கோடைவாணன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் பட்டம் கட்டிய ஆளை மத்தியானமே கழுவில் ஏற்றச் சொல்கிற ராஜா. அவனிடம் பதினெட்டு வருஷம் மந்திரியாக இருந்தும் தலை தப்பி நடமாடினார் திருமேனியார். அரண்மனைச் சோதிடன் வீழிநாதனுக்கு அதில்தான் வயிற்றெரிச்சல்.

ஒருநாள் அவன் மூன்று ஜோடிக் கண்ணாடித் தகடுகளோடு சபைக்கு வந்தான். ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே நூலளவு இடைவெளி, அதற்குள் நிறமில்லாத ஏதோ ஒன்று. மேல் தகட்டில் ஒரு துளை. கூடவே சிவப்புச் சாயம் நிறைத்த இரண்டு குழல்கள்.

"அரசே, இது துரோகியைக் காட்டும் கண்ணாடி! விசுவாசி ஊதினால் வட்டம் வரும். துரோகி ஊதினால் நாடு பிளப்பதுபோல் பிளக்கும்."

முதல் ஜோடியின் துளையில் ஒரு குழலை வைத்துத் தானே ஊதினான். உள்ளே போன சிவப்பு, பௌர்ணமி நிலாவாக விரிந்தது. அடுத்த ஜோடியையும் வேறொரு குழலையும் மந்திரியிடம் நீட்டினான். திருமேனியார் ஊதியதுதான் தாமதம், சிவப்பு விரல் விரலாகப் பாய்ந்தது. ஒவ்வொரு விரலும் நுனியில் இரண்டாகப் பிளந்தது.

"துரோகி!" என்று ராஜா எழுந்தான். காவலன் வாளை உருவினான்.

மந்திரி தகட்டைக் கீழே வைத்தார். தகட்டின் ஓரம் பட்ட விரலில் பிசுபிசுப்பு. முகர்ந்தார். விளக்கெண்ணெய்! விஷயம் விளங்கிவிட்டது. ஆனால் கோபத்தில் இருக்கும் இந்த ராஜாவிடம் விளக்கம் சொல்லிப் பிழைத்தவன் எவனுமில்லையே!

"சாகிறேன் அரசே. அதற்கு முன் தாங்கள் ஊதி வரும் வட்டத்தைக் கண்குளிரப் பார்க்க வேண்டும்."

ராஜாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "அந்த மூன்றாவது ஜோடியைக் கொண்டு வா!"

"அது... சேனாபதிக்கென்று வைத்த ஜோடி..." என்று வீழிநாதன் குழறினான்.

"எனக்கு ஆகாதோ?" ராஜா மந்திரியின் குழலைப் பிடுங்கி அந்த ஜோடியில் வைத்து ஊதினான். சிவப்பு நூறு விரலாகப் பிளந்து ஓடியது.

சபையில் எல்லோரும் ராஜாவின் தகட்டை எட்டிப் பார்த்தார்கள்.

"சோதிடரே," என்றார் திருமேனியார் மெதுவாக, "ராஜா யாருக்குத் துரோகி?"

வீழிநாதன் தடாலென்று ராஜாவின் காலில் விழுந்தான்.

திருமேனியார் ராஜாவிடம் விளக்கினார்: "நாம் ஊதிய தகடுகளில் விளக்கெண்ணெய், குழலில் சாயத் தண்ணீர். இளகியது கெட்டியைத் தள்ளினால், கொஞ்சம் முந்திய இடமெல்லாம் விரலாக ஓடும். சோதிடர் தனக்கு மட்டும் மாற்றி, தகட்டில் தண்ணீரும் குழலில் சாயம் கலந்த விளக்கெண்ணெயும் வைத்துக்கொண்டார். கெட்டியானது இளகியதைத் தள்ளினால் வட்டம் குலையாது. ஊதுகிற வாய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அரசே."

ராஜா இரண்டு குழலையும் முகர்ந்து பார்த்தான். சோதிடன் வீட்டில் மிச்சமிருந்த விளக்கெண்ணெயைக் கொண்டுவரச் செய்து, ஒரு சொட்டு விடாமல் சோதிடனைக் குடிக்க வைத்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடியவனைப் பார்த்துச் சபையே சிரித்தது.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். "முதலிலேயே சொல்லியிருக்கலாமே, ஐயா?"

"சொல்லியிருந்தால் கேட்டிருப்பீர்களா, அரசே?"

ராஜா தலை குனிந்தான். வாளை உறையில் போடச் சொன்னான்.