சங்கு மாடமும் முக்காலியும்

விடியற்காலைச் சங்கு பாதியில் இருமலாக முடிந்தது.

சிற்றம்பலம் மூச்சை இழுத்துப் பிடித்து மறுபடி ஊதினார். கன்றுக்குட்டி செருமியது போல ஒரு சத்தம் வந்து நின்றுபோனது. மடைப்பள்ளியில் யாரோ சிரித்தார்கள்.

இருபத்தாறு வருடமாக அந்த மடத்தில் சங்கு ஊதுவது அவர்தான். ஆற்றுக்கு அக்கரையில் அதைக் கேட்டுத்தான் உலை ஏற்றுகிறார்கள் என்று ஒரு காலத்தில் பேச்சு. இப்போது மடத்து வாசலில் உட்கார்ந்திருக்கும் பூக்காரிக்கே கேட்பதில்லை.

காரியஸ்தர் கனகசபை கொட்டாவி விட்டுக்கொண்டே வந்தார்.

"வருத்தப்படாதீங்க சிற்றம்பலம். நாளைக்குக் குருபூசை, ஊரே வந்து நிக்கும். ஸ்பீக்கருக்குச் சொல்லிட்டேன். ரெக்கார்டு பண்ணின சங்கு. அது இருமாது."

"அப்ப நான்?"

"ரெஸ்ட் எடுங்க. தம்பி வீட்டுக்குப் போய் நாலு மாசம் இருங்களேன்."

நாலு மாதம் என்றால் திரும்பி வர வேண்டாம் என்று அர்த்தம். சிற்றம்பலத்துக்கு ஐம்பத்தைந்து வயது. தம்பி வீட்டில் அவருக்கென்று ஒரு பாய்கூடக் கிடையாது. இருந்தும் அவருக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கும் மூச்சு வேண்டியிருக்கிறது.

விடைபெற்றுக்கொள்ளலாம் என்று குருவைத் தேடிப் போனார்.

குரு சங்கு மாடத்தின் முன்னால் நின்றிருந்தார். கூடத்துச் சுவரில் உயரமாகக் குடைந்த சிறு மாடம் அது. குரு அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். பீடத்துக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. இரவெல்லாம் தூங்காதவரைப் போலப் பின்கழுத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். தைல வாடை அடித்தது. தன் முதுகிலிருந்து வருவதாகத்தான் சிற்றம்பலம் நினைத்துக்கொண்டார்.

முதுகை வளைத்து, கைகட்டி, தரையைப் பார்த்து நின்றார்.

"இந்த முக்காலி யாருடையது?" என்று கேட்டார் குரு.

"என்னோடதுதான் சாமி. சங்கை எடுக்கறதுக்கு."

"நான் வந்த புதிதில் நீர் கையை நீட்டி எடுத்தீர்."

"வயசாயிடுச்சு சாமி."

"உமக்கு வயதானால் மாடம் ஏன் வளர்கிறது?"

சிற்றம்பலம் முக்காலியைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

"வைத்தியர் என்ன சொன்னார்?"

"தைலம் குடுத்தார். மூணு குப்பி தீந்துபோச்சு. கழுத்துல வலி. சாயங்காலமானா தலை விண்ணு விண்ணுங்குது. சாப்பிட்டது நெஞ்சுலயே நிக்குது. ராத்திரி எந்தப் பக்கம் படுத்தாலும் முதுகு எழுப்பி விட்டுடுது."

"தைலத்தோடு வேறு ஒன்றும் சொல்லவில்லையா?"

"சொன்னார். இப்படிக் கூனியே நின்னா விலாவெல்லாம் வயித்து மேல வந்து உக்காந்துக்குமாம். மூச்சு விரியவும் எடமில்ல, சோறு எறங்கவும் எடமில்ல. நிமிந்து நில்லுங்க, நிமிந்து உக்காருங்க, பாதி வலி தானா போயிடும்னார்."

"பிறகென்ன?"

"அது மட்டும் முடியாது சாமி."

"ஏன்?"

அதற்கு அவரால் எப்படிப் பதில் சொல்ல முடியும்? குருவின் தலைக்கு மேல் சீடனின் தலை உயரக் கூடாது என்பது அந்த மடத்து வழக்கம். முந்தைய குரு பனைமரம் போல இருந்தார். அவர் காலத்தில் வழக்கம் யாரையும் உறுத்தவில்லை. இப்போதைய குருவோ சிற்றம்பலத்தின் மார்பளவுதான் இருந்தார். எந்தத் தூணுக்குப் பின்னாலிருந்து எப்போது வருவார் என்று தெரியாது. அதனால் சிற்றம்பலம் நடக்கும்போதும் குனிந்தார், பூத்தொடுக்கும்போதும் குனிந்தார், சாப்பிடும்போதும் குனிந்தார். பதினோரு வருடத்தில் குனிகிறோம் என்பதே மறந்து அதுவே உடம்பாகிவிட்டது.

"சொல்லும்."

"ஒண்ணுமில்ல சாமி."

"நான் குட்டை என்று சொல்வதற்கு இவ்வளவு கஷ்டமா?"

சிற்றம்பலம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சங்கை எடுத்து ஊதும்."

முக்காலியில் ஏறி எடுத்தார். இறங்கி, குனிந்தபடியே ஊதினார். இருமல் வந்தது.

குரு தரையில் உட்கார்ந்தார். சிற்றம்பலம் பதறிப்போய்க் குந்தி, தலையை முழங்காலுக்கு இடையில் கொண்டுபோனார்.

குரு துண்டை உதறி விரித்தார். மல்லாந்து படுத்துக் காலை நீட்டினார்.

"அப்பாடா" என்றார்.

சிற்றம்பலம் அக்கம்பக்கம் பார்த்தார். இதற்குக் கீழே எங்கே போவது? சங்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நெடுஞ்சாண்கிடையாக விழப் போனார்.

"குப்புறக் கிடந்து ஊதப் போகிறீரா?"

"சாமி, எந்திரிங்க சாமி. யாராவது பாத்தா…"

"இன்னும் தாழ வேண்டுமென்றால் பின்கட்டில் கிணறு இருக்கிறது. வேண்டாமென்றால் எழுந்து நில்லும்."

எழுந்தார். பாதி உயரத்தில் பழக்கம் பிடித்து நிறுத்தியது. கீழே பார்த்தார். குருவின் தலை தரையோடு தரையாகக் கிடந்தது. குனிந்து நின்றாலும் தப்புதான், நிமிர்ந்து நின்றாலும் தப்புதான். தப்பு எப்படியும் நடந்துவிட்டது.

நிமிர்ந்தார்.

இடுப்பில் ஏதோ நெட்டி முறிந்தது. வலி தோள்பட்டை வரைக்கும் ஓடி, மெல்ல அடங்கியது. மாடத்தின் உள்சுவரில் பல வருட ஒட்டடை தொங்குவது அப்போதுதான் கண்ணில் பட்டது. மார்பு திறந்துகொண்டது. காற்று உள்ளே போனது, இன்னும் போனது. இவ்வளவு இடம் எங்கே இருந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

ஊதினார்.

முதலில் மெல்லிய இழையாகத்தான் வந்தது. நடுவில் கொஞ்சம் தடுமாறியது. பிறகு தடித்து, கூடத்தை நிறைத்து, முற்றம் தாண்டி ஆற்றுப் பக்கம் போனது. மடைப்பள்ளியில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது.

"ஏய், ஸ்பீக்கரை இப்பவே யாருப்பா போட்டது?" என்று வெளியே கனகசபை கத்தினார்.

சிற்றம்பலத்துக்குச் சிரிப்பு வந்தது. குரு எழுந்து உட்கார்ந்தார். அதைப் பார்த்ததும் சிற்றம்பலத்தின் முதுகு தானாக வளைந்தது. சிரிப்பும் போய்விட்டது.

"இப்ப சரி சாமி. நாளைக்கு ஊர் முன்னால சாமி நின்னுக்கிட்டிருப்பீங்க. அங்கயும் படுக்க முடியுமா?"

குரு சுவரைப் பிடித்து எழுந்தார். கை மறுபடி பின்கழுத்துக்குப் போனது. மறுபடி அதே தைல வாடை. இந்த முறை அது எங்கிருந்து வருகிறது என்பது சிற்றம்பலத்துக்குத் தெரிந்துவிட்டது.

"சாமிக்கும் கழுத்து வலியா?"

"பதினோரு வருடமாக."

குரு முக்காலியைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். வாசல்வரை போய்த் திரும்பினார்.

"எல்லோருடைய உச்சந்தலையோடும் குனிந்து குனிந்து பேசியே வந்த வலி. நாளைக்கு நீர் நிமிர்ந்து நின்று ஊதும். நான் ஒரு தடவை அண்ணாந்து பார்க்கிறேன்."